கணக்கப்பிள்ளை, வேதியர், மறைக்கல்வி ஆசிரியர்: தமிழ்க் கத்தோலிக்கப் பொதுநிலையினரின் பயிற்சி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் பேசும் பகுதிகளில் கத்தோலிக்க சமயம் நிலைபெற்ற வரலாறு பெரும்பாலும் மேலைநாட்டுக் குருக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஊர்தோறும் தங்கி மன்றாட்டுகளைக் கற்பித்து, நோயாளிகளைச் சந்தித்து, குரு இல்லாத காலங்களில் வழிபாட்டை நடத்தியவர்கள் பொதுநிலையினரான உபதேசியார்கள். அவர்களை உருவாக்கத் திருச்சபை மேற்கொண்ட பயிற்சி முறைகளை 16-ஆம் நூற்றாண்டு முதல் 2021 வரை இக்கட்டுரை ஆராய்கிறது. கணக்கப்பிள்ளை, வேதியர், மறைக்கல்வி ஆசிரியர் ஆகிய மூன்று பெயர்களும் மூன்று பயிற்சி நோக்கங்களைச் சுட்டுகின்றன. முதற்காலம் நினைவாற்றலையும் இடைக்காலம் ஒழுக்கத்தையும் இக்காலம் புரிதலையும் பங்கேற்பையும் முதன்மைப்படுத்தின. பயிற்சி விரிந்த அளவுக்கு உபதேசியாரின் உரிமை விரியவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: உபதேசியார், கணக்கப்பிள்ளை, வேதியர் ஒழுக்கம், மறைக்கல்வி, பொதுநிலையினர், வீரமாமுனிவர், இரண்டாம் வத்திக்கான் சங்கம்

முன்னுரை

கத்தோலிக்கத் திருச்சபையில் குருத்துவத் திருநிலைப்பாடோ துறவற வாக்குறுதியோ பெறாத நம்பிக்கையாளர் பொதுநிலையினர் எனப்படுவர். அவர்களுள் சமய உண்மைகளைக் கற்பிக்கும் பணியேற்றவர் தமிழில் பல பெயர்களால் அழைக்கப்பட்டுள்ளார். இன்று 'உபதேசியார்' என்னும் சொல், பல ஊர்களில் மணியடித்துப் பீடத்தை ஒழுங்குசெய்யும் கோயில் பணியாளரையே குறிக்கிறது. ஒரு காலத்தில் முழு ஊரின் சமய வாழ்வையும் தாங்கியவரின் பெயர் இவ்வாறு சுருங்கியது ஏன் என்ற வினாவே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாகும். மறைப்பணியாளரின் கடிதங்கள் தரும் செய்திகள், தமிழில் தோன்றிய ஞானோபதேச நூல்கள், திருச்சபையின் சங்க ஏடுகள், திருச்சபைச் சட்டம் ஆகியன இங்கு வரலாற்று நோக்கில் இணைத்துக் காணப்படுகின்றன.

நினைவே பயிற்சியாக: முத்துக்குளித்துறை

1530-களின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்குச் சமயம் கற்பிக்க ஆளில்லை. 1542-இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்தவர்களின் துணையோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார். 1544-இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்கு அளித்ததாக அவரே எழுதியுள்ளார். இத்தனை பேருக்கும் தொடர்ந்து கற்பிப்பது ஒரு குருவால் இயலாது. எனவே ஒவ்வோர் ஊரிலும் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்தி, மன்றாட்டுகளின் எழுத்துப் படியை அவரிடம் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வதை அவர் வழக்கமாக்கினார்.

இவ்வாறு அமர்த்தப்பட்டவரே கணக்கப்பிள்ளை. இச்சொல் ஊர்க்கணக்கு எழுதுபவரைக் குறிப்பது. புதிய சமயப் பணிக்குத் தமிழ்ச் சமூகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு தொழிற்பெயர் பொருத்தப்பட்டது கருதத்தக்கது. எழுத்தறிவே இப்பணியின் முதல் தகுதி என்பதை அப்பெயர் காட்டுகிறது. சிறுவர் சிறுமியரை நாள்தோறும் கூட்டுதல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நாள்களில் மன்றாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தல், உயிருக்கு ஆபத்தான நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல் ஆகியன அவருடைய கடமைகள். இவர்களின் ஊதியத்துக்காகப் போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்குரிய 4,000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். பொதுநிலையினரின் பணிக்கு ஊதியம் வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததற்கு இது சான்று.

இக்காலப் பயிற்சி முற்றிலும் மனப்பாடம் சார்ந்தது. இதனைக் குறையாக மட்டும் காண்பது பொருந்தாது. திருமுழுக்கு செல்லுபடியாவதற்கு உரிய சொற்கள் பிழையின்றி உச்சரிக்கப்பட வேண்டும். எனவே சொல்லைச் சரியாகக் காப்பதே கணக்கப்பிள்ளையிடம் எதிர்பார்க்கப்பட்ட திறன். தமிழை முறையாகக் கற்ற அன்றிக்கே அடிகளார் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்துவதில் முனைந்ததும் இதனோடு தொடர்புடையது. கற்பிப்பவர் வாயில் பிழையான தொடர் பதிந்துவிட்டால் ஊர் முழுவதும் அப்பிழையையே ஓதும்.

தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தையும் இத்தேவையின் பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம். 1554-இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் தமிழ் மன்றாட்டுகளைக் கொண்ட நூல் அச்சானது. அதனை உருவாக்கியவர்களாக வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ் என்னும் மூன்று தமிழர்களின் பெயர்கள் அறியப்படுகின்றன. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அன்றிக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் தமிழ் எழுத்திலேயே வெளிவந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' அச்சிடப்பட்டது. வினாவும் விடையுமாக அமைந்த ஞானோபதேசம், குரு அருகில் இல்லாதபோதும் ஒருவர் வினவ, மற்றவர் விடையிறுத்துக் கற்கத்தக்கது. ஓலைப் படியை நம்பியிருந்த ஊர்ப்பள்ளிக்கு அச்சுநூல் சொல் மாறாத ஒரே பாடத்தைத் தந்தது.

குரு இல்லாத ஊர்களில்: மதுரை மறைத்தளமும் யாழ்ப்பாணமும்

1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபின் மறைப்பணி கடற்கரையைவிட்டு உள்நாட்டுக்கு விரிந்தது. தொலைவும் சாதிக் கட்டுப்பாடுகளும் அயல்நாட்டுக் குருவின் நடமாட்டத்தைக் குறுக்கின. குரு நுழைய இயலாத தெருவுக்கு அத்தெருவைச் சேர்ந்த உபதேசியார் சென்றார். புதிதாகச் சேர விரும்புவோரைக் கண்டறிந்து முதற்பாடம் சொன்னவரும், குருவின் வருகைக்கு முன் மக்களை ஆயத்தம் செய்தவரும் அவரே. சமயத்தின் முதல் விளக்கம் பெரும்பாலும் ஒரு தமிழரின் வாயிலாகத் தமிழருக்குக் கிடைத்தது என்பது இதனால் பெறப்படும்.

அப்பணி இடர் மிக்கது. 1686-இல் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ மறவர் நாட்டில் சிறைப்பட்டபோது உபதேசியார்களும் உடன் பிடிக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் புனிதராகப் போற்றப்படுகிறார். அவரோடு துன்புற்ற உபதேசியார்களைப் பற்றிய நினைவு அத்துணைத் தெளிவாகப் பேணப்படவில்லை.

கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் இந்நிலையைக் காணலாம். 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். 1687-இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் மறைவாக அங்கு வந்து சேரும்வரை நம்பிக்கையைக் காத்தவர்கள் பொதுநிலையினரே. பின்னர் அவர் ஊர்தோறும் மூப்பர், அண்ணாவி ஆகியோரைக் கொண்டு சமூகங்களை ஒழுங்கமைத்தார். மூப்பர் கோயில் ஆளுகையையும் அண்ணாவி கற்பித்தலையும் மன்றாட்டு நடத்துதலையும் ஏற்றனர். கற்பிப்பவர், ஆள்பவர் என்னும் இருவகைப் பொறுப்பும் பொதுநிலையினரிடம் இருந்த அமைப்பு இது.

ஒழுக்கமே பயிற்சியாக: வீரமாமுனிவரின் வேதியர்

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உபதேசியார் புதிய அறைகூவலைச் சந்தித்தார். 1706 முதல் தரங்கம்பாடியில் லுத்தரன் மறைப்பணியாளர் இயங்கினர். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக அச்சேறியது. தஞ்சைப் படையில் பணியாற்றிய கத்தோலிக்கரான இராசநாயக்கன் அதனைப் படித்து, 1720-களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து அங்கு உபதேசியாராகவும் ஆனார். மன்றாட்டுகளை மனத்தில் கொண்ட கத்தோலிக்கர், திருநூலையே கையில் கொண்டவர் எழுப்பும் வினாவுக்கு விடை கூறவேண்டிய நிலை உருவானது.

இச்சூழலிலேயே வீரமாமுனிவரின் உரைநடை நூல்கள் தோன்றின. 'வேத விளக்கம்' லுத்தரன் கொள்கைகளுக்கு மறுமொழியாக அமைந்தது. 'வேதியர் ஒழுக்கம்' உபதேசியார்களையே நோக்கி எழுதப்பட்டது. தமிழிலக்கியத்தில் 'வேதியர்' அந்தணரைக் குறிப்பது. கிறித்தவ வழக்கில் 'வேதம்' சமயத்தையும் திருநூலையும் குறித்ததால், அதனைக் கற்பிக்கும் பொதுநிலையினர் வேதியர் ஆயினர். பிறப்பால் அமைந்த உயர்பெயர் பணியால் அமையும் பெயராக மாறியது. சாதிப் படிநிலை வலுவாக இருந்த சமூகத்தில் இம்மாற்றம் சிறிதன்று. ஆயினும் பெயர் மாறியதால் படிநிலை மறைந்துவிடவில்லை. மறைத்தளத்தின் அன்றாட நடைமுறையில் சாதி வேறுபாடு தொடர்ந்தது.

நூற்பெயரின் இரண்டாம் சொல்லே பயிற்சியின் நோக்கத்தை உணர்த்துகிறது. கணக்கப்பிள்ளையிடம் சொல் பிழையாமை வேண்டப்பட்டது. வேதியரிடம் வாழ்வு பிழையாமை வேண்டப்பட்டது. கற்பிப்பதைத் தாமே கடைப்பிடிக்க வேண்டும் என்ற இக்கோட்பாட்டைத் தமிழ் அறநூல் மரபில் பழகியவர் எளிதில் உணர்வர். குரு ஆண்டில் சில நாள்களே வந்து செல்லும் ஊரில் மக்கள் கண்முன் நாளும் இருக்கும் சான்று உபதேசியாரின் நடத்தையே. ஆகவே ஒழுக்கப் பயிற்சி பக்தி சார்ந்ததாக மட்டுமன்றி, மறைப்பணியின் அமைப்பு சார்ந்த தேவையாகவும் இருந்தது. செய்யுளே உயர்வெனக் கருதப்பட்ட காலத்தில் ஒரு பயிற்சி நூலுக்காக உரைநடை செப்பமுற்றது தமிழ் உரைநடை வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது.

இப்பயிற்சியின் வலிமை அடுத்த தலைமுறைகளில் வெளிப்பட்டது. 1759-இல் போர்ச்சுக்கல் தன் ஆட்சிப்பகுதிகளிலிருந்து இயேசு சபையினரை வெளியேற்றியது. 1773-இல் அச்சபையே கலைக்கப்பட்டது. 1830-களின் இறுதியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மறைத்தளத்தை மீண்டும் ஏற்கும்வரை குருக்கள் மிக அரிதாயினர். அந்த இடைவெளியிலும் கிறித்தவ ஊர்கள் அழியாதிருந்தமைக்கு உபதேசியார் தலைமையிலான மன்றாட்டுக் கூட்டங்கள் முதன்மையான காரணமாகும்.

சுருங்கிய பணி

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குருக்களும் துறவற சபைகளும் பெருகினர். பல சிற்றூர்களில் பள்ளி ஆசிரியரே உபதேசியாராகவும் விளங்கினார். 1854-இன் கல்விக் கொள்கைக்குப் பின் அரசு மானியம் பெற்ற பள்ளிகளுக்குத் தகுதிச் சான்றுடைய ஆசிரியர் தேவைப்பட்டார். கல்வித் தகுதி பெற்றவர் ஊதியம் மிக்க ஆசிரியப் பணிக்குச் செல்ல, உபதேசியார் பணி குறைந்த ஊதியத்தில் கோயில் அலுவல்களோடு நின்றது எனக் கருத இடமுண்டு. பங்கில் குரு நிலையாகத் தங்கியதும் மற்றொரு காரணம். குருவின் இடத்தை நிரப்புபவராகவே உபதேசியார் மதிக்கப்பட்டதால், குரு வந்ததும் அவருடைய தேவை குறைந்தது. தமக்கென உரிமை இல்லாத பணி, உரிமையாளர் வந்ததும் சுருங்குவது இயல்பே.

புரிதலே பயிற்சியாக: வத்திக்கான் சங்கத்துக்குப் பின்

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த அடிப்படையை மாற்றியது. பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி குருவிடமிருந்து கடனாகப் பெறப்படுவதன்று. திருமுழுக்கிலிருந்தே பிறப்பது என்று அது எடுத்துரைத்தது. மறைப்பணி பற்றிய சங்க ஏடு, உபதேசியார்களுக்கு மறைமாவட்ட அளவில் பயிற்சிப் பள்ளிகள், முழுநேரப் பணியாளருக்கு நேரிய ஊதியம், வழிபாட்டில் வெளிப்படையான பணி ஒப்படைப்பு ஆகியவற்றை வலியுறுத்தியது. 1983-இன் திருச்சபைச் சட்டமும் சிறப்புப் பணியேற்கும் பொதுநிலையினர் உரிய பயிற்சி பெறவேண்டும் என்பதையும், தம் நிலைக்கேற்ற ஊதியம் பெறும் உரிமையுடையவர் என்பதையும் ஒருங்கே கூறுகிறது.

இந்தியாவில் இம்மாற்றத்துக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் தமிழரான து. சா. அமலோர்பவதாஸ் அடிகளார். 1967-இல் பெங்களூரில் அவர் தலைமையில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தில் குருக்கள், துறவியர், பொதுநிலையினர் ஆகிய மூவகையினரும் பயிற்சி பெற்றனர். தமிழ்நாட்டில் திண்டிவனத்திலுள்ள நடுநிலையம் இப்பணியைத் தமிழில் மேற்கொண்டது. 1995-இல் வெளியான 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு, பயிற்சியின் மையநூலை எளிய தமிழில் தந்தது. வினா விடையை ஒப்பிக்கும் முறை குறைந்து, விவிலியப் பகுதியை வாழ்வோடு இணைத்துப் பகிரும் முறை வளர்ந்தது. அன்பியங்களும் பங்குப் பேரவைகளும் பொதுநிலையினர் பேசுவதற்குரிய இடங்களாயின. 'மறைக்கல்வி ஆசிரியர்' என்ற பெயரும் நிலைபெற்றது.

இம்மாற்றத்தின் மற்றொரு கூறு பெண்களின் வருகை. கணக்கப்பிள்ளை, அண்ணாவி, மூப்பர் ஆகிய பழைய பெயர்கள் யாவும் ஆண்களைக் குறித்தவை. இன்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளில் பெண்களின் உழைப்பே பெரிதும் காணப்படுகிறது. அவர்களுட் பெரும்பாலோர் ஊதியமின்றிப் பணிபுரிவோர். சவேரியார் அரசியிடம் பணம் கேட்டுத் தீர்த்த சிக்கல், சட்டம் உரிமை என்று கூறிய பின்னும் முழுமையாகத் தீரவில்லை.

2021 மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிசு மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான பணித்துறையாக நிறுவினார். ஆண், பெண் இருபாலாருக்கும் உரிய இப்பணிக்கான பயிற்சியையும் விதிமுறைகளையும் வகுக்கும் பொறுப்பு ஆயர் பேரவைகளிடம் விடப்பட்டது. தமிழ் பேசும் பகுதிகளைப் பொறுத்தவரை, 4 நூற்றாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்த பணிக்குக் கிடைத்த ஏற்பாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

சொல்லைக் காத்த கணக்கப்பிள்ளை, வாழ்வால் கற்பித்த வேதியர், புரிந்து விளக்கும் மறைக்கல்வி ஆசிரியர் என்னும் வரிசை, ஒன்று மற்றொன்றை அழித்த வரலாறன்று. மூன்று திறன்களும் இன்றும் வேண்டப்படுவனவே. தமிழின் தொடக்க அச்சுநூல்களும் உரைநடை நூல்கள் சிலவும் பொதுநிலையினருக்குக் கற்பிக்கவும் அவர்கள்வழிக் கற்பிக்கவும் எழுந்தவை என்பதால், இவ்வரலாறு தமிழியல் ஆய்வுக்கும் உரியது.

குருக்கள் குறைந்தபோதெல்லாம் உபதேசியாரின் பொறுப்பு பெருகியது. அவர்கள் மிகுந்தபோது அது சுருங்கியது. பயிற்சியின் குறைவால் இது நேர்ந்ததெனக் கூறுவதற்கில்லை. 18-ஆம் நூற்றாண்டு வேதியருக்கு ஒரு சிறந்த பயிற்சி நூலே இருந்தது. பணிக்குரிய தகுதியை வளர்த்த திருச்சபை, அப்பணிக்குரிய நிலையான இடத்தை வகுக்கக் காலம் தாழ்த்தியது. யாழ்ப்பாணத்து மூப்பர், அண்ணாவி அமைப்பு கற்பித்தலையும் ஆளுகையையும் பொதுநிலையினரிடமே ஒருங்கு வைத்திருந்த முன்மாதிரி. பயிற்சியோடு ஊதியமும் முடிவெடுப்பதில் பங்கும் இணையுமாயின், 'உபதேசியார்' என்னும் சொல் தான் இழந்த பொருளை மீண்டும் பெறும்.