கும்பகோணத்து வக்கீலும் வால்ட் விட்மனும்

அமெரிக்க இலக்கிய ஆய்வுன்னா நம்ம ஊர்ப் பேராசிரியர்களுக்கு ஐதராபாத்தான் ஞாபகம் வரும். அமெரிக்கவியல் ஆய்வு மையம் 1964-இல் அங்கேதான் தொடங்கியது.

அதற்கு முப்பது வருஷம் முன்னாடி, கும்பகோணத்தில் வக்கீல் தொழில் பார்த்த ந. பிச்சமூர்த்தி, 'மணிக்கொடி'யில் 'காதல்' என்ற கவிதையை எழுதினார். யாப்பை விட்ட கவிதை. வால்ட் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' நூலைப் படித்ததுதான் தூண்டுதல் என்று பின்னால் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வாக்குமூலம்தான் முக்கியம். இரண்டு கவிதைகள் ஒரே சாயலில் இருக்கு என்பதை வைத்துத் தாக்கம்னு சொல்லிட முடியாது. இவர் அவரைப் படித்தார் என்பதற்குச் சாட்சி வேணும். பாரதியும் விட்மனைப் பற்றி எழுதியிருப்பதால், பிச்சமூர்த்திக்கு யார் வழியாக வந்தது என்ற கேள்வியும் எழும்.

அந்தச் சாட்சியைக் காப்பாற்றியது எது? சிற்றிதழ்கள்தான். சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' பிச்சமூர்த்தியை மறுபடி முன்னுக்குக் கொண்டுவந்தது. வல்லிக்கண்ணன் பழைய இதழ்களைப் புரட்டி 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' எழுதினார். அதற்கு 1978-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இருவருமே பேராசிரியர்கள் இல்லை.

உங்க வீட்டுப் பரணில் பழைய சிற்றிதழ் கட்டு கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுடாதீங்க. யாரோ ஒருவருடைய ஆய்வுக்கான ஒரே சாட்சி அதில் இருக்கலாம்.