சமஷ்டியும் மாகாண சபையும்

சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே, அது தமிழர் கண்டுபிடித்த சொல் என்று எண்ணுவோர் இந்நாட்டிலே பலர். எமது சங்கத்து இளைஞரிற் சிலரும் அவ்வாறே எண்ணியிருக்கக் கண்டோம். ஆதலால் இவ்வாண்டு மலருக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ஒக்ஸ்போர்ட்டிற் கற்றுத் திரும்பிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 1926இல் பத்திரிகைக் கட்டுரைகளிலும், அவ்வாண்டே யாழ்ப்பாணத்தில் நிகழ்த்திய உரையிலும், இலங்கைக்கு ஏற்றது சமஷ்டியே என்று வாதாடினார். 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் கண்டிச் சிங்களவரும் அதனையே கேட்டனர். கரையோரச் சிங்களவர் தம்மை விழுங்கிவிடுவர் என்ற அச்சம் அவர்களுக்கு. தமிழ்த் தலைவர்களோ அந்நாளில் இதனைப் பொருட்படுத்தவில்லை. 1949 டிசம்பர் 18ஆந் திகதிதான் எஸ். ஜே. வி. செல்வநாயகம் தலைமையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. அதுவும் யாழ்ப்பாணத்திலன்று, எமது கொழும்பு மருதானையில், அரசாங்க லிகிதர் சேவைச் சங்க மண்டபத்திலே.

முன்னர் சமஷ்டி பேசிய அதே பண்டாரநாயக்கா பிரதம மந்திரியாகி, 1957 ஜூலை 26இல் செல்வநாயகத்துடன் பிரதேச சபை ஒப்பந்தஞ் செய்தார். 1958 ஏப்ரல் 9இல் பிக்குமார் றொஸ்மீட் பிளேசில் அவர் வாசலில் வந்து அமர்ந்தனர். ஒப்பந்தம் அன்றே கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நடந்ததை எமது மூத்தோருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1965இல் டட்லி சேனநாயக்கா ஒப்புக்கொண்ட மாவட்ட சபைகள் மூன்றாண்டில் மறைந்தன. 1981இன் மாவட்ட அபிவிருத்திச் சபைகளைப்பற்றி எழுத அதிகமில்லை.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே முதலில் இருந்தவை மாநிலங்கள். மத்திய அரசு பின்னர் வந்தது. பதின்மூன்று மாநிலங்கள் தம்மிடமிருந்த அதிகாரத்தில் ஒரு பங்கைக் கொடுத்தே அதனை ஆக்கின. 1787இல் பிலடெல்பியாவில் யாப்பு எழுதப்பட்டது. மத்திக்குக் கொடுக்காதவை யாவும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என 1791இல் பத்தாந் திருத்தம் உறுதிசெய்தது. மாநில ஆளுநரை அம்மாநில மக்களே தெரிவுசெய்கின்றனர். யாப்பைத் திருத்த, ஐம்பதில் முப்பத்தெட்டு மாநிலங்கள் இசைய வேண்டும். பிணக்கு இல்லாமலில்லை. மேரிலாந்து மாநிலம் தேசிய வங்கிமீது வரி விதிக்க முயன்றபோது, அது செல்லாதென 1819இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. மாநில உரிமை என்ற பெயரால் அடிமை முறையைக் காத்தவர்களும் அங்கே உண்டு; அதனை நாம் மறைக்கலாகாது. ஆயினும் மத்திய அரசு நினைத்தால் ஒரு மாநிலத்தின் சட்டசபையைக் கலைத்துவிட இயலாது.

எமது மாகாண சபைகள் பிறந்த விதமே வேறு. 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம். நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆந் திருத்தம். கல்வி, சுகாதாரம், விவசாயம், காணி, பொலிஸ் என்று மாகாண நிரல் பார்வைக்கு நீளமானது. ஆனால் மத்திக்குரிய ஒதுக்கிய நிரலைத் திறந்தால், எல்லா விடயங்கள் பற்றிய தேசியக் கொள்கையும் மத்திக்கே என்று தலையிலேயே எழுதியிருக்கிறது. எந்த நிரலிலும் சொல்லாதவையும் மத்திக்கே. அமெரிக்காவுக்கு நேர் எதிர். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. இச்சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவை, ஆகவே ஒற்றையாட்சி குலையவில்லை என்றே உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசருட் பெரும்பான்மையோர் கண்டனர். உண்டியலைக் கொடுத்துத் திறப்பை வைத்துக்கொண்ட கதைதான்.

பாடசாலையையே எடுத்துக்கொள்வோம். கல்வி மாகாணத்துக்கு என்கிறது நிரல். தேசிய பாடசாலை என்று பெயர் சூட்டப்பட்டதும் அப்பாடசாலை மத்திய அமைச்சுக்குப் போய்விடும். பெற்றோரும் மகிழ்ந்து கைதட்டுவர், நாமும் தட்டியிருக்கிறோம். பிரதேச செயலாளர்களை 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்று மத்தியின் கீழே கொண்டுவந்தது. மாகாண விடயங்களைத் தொட்ட திவிநெகும சட்டமூலம் 2012இல் வந்தபோது, வடக்கிலே சபையே இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இசைவு தெரிவித்தார். அது போதாது, பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தப் பெரும்பான்மை அரசிடம் இருந்தது. 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது.

வட மாகாணத்துக்கு முதற் தேர்தல் 2013 செப்டெம்பரிலேதான் வந்தது. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குள், 2017இல், தேர்தல் முறையைப் பாராளுமன்றம் மாற்றியிருந்தது; புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் அதே பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் போயிற்று, புதிய முறையும் வரவில்லை. 2019 முடியுமுன் ஒன்பது சபைகளின் ஆயுளும் முடிந்தது. கிருலப்பனையில் வாழும் நாம் வாக்களித்த மேல் மாகாண சபையும், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் தென் மாகாணத்தின் சபையும் அவற்றுள் அடங்கும். ஆளுநர்மார் இருந்தனர்.