எச்.எம்.எஸ். மலாயா கிண்ணம் (ரக்பி)

எச்.எம்.எஸ். மலாயா கிண்ணம், மலாயாவின் மாநிலக் குழுக்கள் பொருதிய தொன்மையான ரக்பிப் போட்டியின் பரிசு. 1921-இல் எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் அளித்த இரு கிண்ணங்களில் ஒன்று. மற்றது கால்பந்துக்குரியது, இன்றைய மலேசியக் கிண்ணப் போட்டியின் வேர் அதுதான்.

கப்பலுக்கு மலாயாவின் பெயர் வந்த காரணத்தை முதலில் அறிய வேண்டும். பேராக் சுல்தான் இட்ரிஸ் முன்மொழிய, பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய கூட்டு மலாய் மாநிலங்கள் அதன் முழு விலையையும் ஏற்று பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தன. ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு. அந்த மாநிலங்களின் கருவூலத்தை நிரப்பியவை ஈயமும் ரப்பரும். ஆகவே சுரங்கத்தில் இறங்கிய சீனரின் உழைப்பும், விடியுமுன் மரம் சீவப் போன தமிழரின் உழைப்பும் அந்தக் கப்பலில் உண்டு. 1909 வரை சயாமின் கீழிருந்த கெடா இக்கூட்டில் சேரவில்லை. கப்பலுக்கு அது பணம் தரவும் இல்லை.

1915-இல் நீரில் இறங்கிய கப்பல், அடுத்த ஆண்டு ஜட்லாண்ட் கடற்போரில் எட்டுக் குண்டுகளைத் தாங்கியது. 1921 ஜனவரியில் நன்கொடை தந்த நாட்டைப் பார்க்க வந்து, பல துறைமுகங்களைத் தொட்டது. மாலுமிகள் உள்ளூர்ச் சங்கங்களோடு கால்பந்து, ரக்பி, ஹாக்கி, குத்துச்சண்டை என்று ஆடித் தீர்த்தார்கள். பின்னர் ஒரு கடிதத்தில், வரவேற்புக்கு நன்றியாக இரு கிண்ணங்கள் தருவதாகக் கப்பல் தலைவர் புல்லர் எழுதினார்.

கால்பந்துக் கிண்ணத்தை அவ்வாண்டே சிங்கப்பூர், சிலாங்கூரை 2-1 என வென்று எடுத்துச் சென்றது. ரக்பிக் கிண்ணமோ நெடுங்காலம் வெள்ளையரின் கையில் சுழன்றது. தோட்டத் துரைகள், காவல் அதிகாரிகள், அரசு அலுவலர்கள் ஆகியோரே பெரும்பாலும் ஆடினர். கெடாவின் சுங்கை பட்டாணி, பாக்கார் ஆராங் வட்டாரத் தோட்டங்களில் லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கால்பந்து; ரக்பி துரைமாரின் கிளப் திடலோடு நின்றது. அந்த விளையாட்டில் தமிழ்ப் பெயர்கள் அரிதாகவே தென்படுவதற்கு இதை முதற்காரணமாகச் சொல்வேன். ஆர்வக்குறை என்று சொல்வது நியாயமாகாது.

உள்ளூர் மாணவருக்கு ரக்பியைத் திறந்துவிட்டவை கோலாகங்சார் மலாய்க் கல்லூரி, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகம் போன்ற பள்ளிகள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையெடுப்பு ஆட்டங்களை நிறுத்தியது. போர் முடிந்து நாடு சுதந்திரம் அடைந்த பின் குழுக்களில் உள்ளூர் வீரர்கள் நிறைந்தனர். 1967-இல் கோப்ரா சங்கம் தொடங்கிய பதின்மர் ரக்பி, மலேசியாவிலிருந்து உலகுக்குப் போன ஆட்ட வடிவம். மாநிலங்களுக்கிடையிலான மரபு இன்று அகோங் கிண்ணத்தின் பெயரில் தொடர்கிறது.

கப்பல் 1948-இல் ஸ்காட்லாந்தின் ஃபாஸ்லேனில் உடைக்கப்பட்டது. அதன் மணிகளில் ஒன்று, விக்டோரியா கல்விக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது.