சேலம் சூனிய வழக்குகளை நடித்துக் கற்றல்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள சேலம் பகுதியில் 1692–93இல் நடந்த சூனிய வழக்குகளை மாணவர்கள் பாத்திரமேற்று நடித்துப் பயிலும் வகுப்பறை முறை இது. வரலாறு, இலக்கியம், குடிமையியல் பாடங்களில் கையாளப்படுகிறது. ஒரு நீதிமன்றம் தன் நடைமுறைகளைப் பின்பற்றிக்கொண்டே குற்றமற்றவர்களைத் தூக்கிலிட்டது எவ்வாறு என்பதை மாணவர் உணரச் செய்வதே இதன் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி

1692 சனவரியில் சேலம் கிராமத்துப் (இன்றைய டான்வர்ஸ்) பாதிரியார் சாமுவேல் பாரிஸின் மகள் பெட்டிக்கும், அவ்வீட்டில் வளர்ந்த அபிகேல் வில்லியம்ஸுக்கும் இழுப்பும் பிதற்றலும் கண்டன. பெட்டிக்கு வயது 9, அபிகேலுக்கு 11. அவர்களுக்குச் சூனியம் வைத்ததாக மார்ச் 1 அன்று மூன்று பெண்கள் விசாரிக்கப்பட்டனர்: பாரிஸ் வீட்டு அடிமை டிடூபா, பிச்சையெடுத்துப் பிழைத்த சாரா குட், நோயாளியான சாரா ஆஸ்போர்ன். டிடூபா குற்றத்தை ஒப்புக்கொண்டதுடன், இன்னும் பலர் இதில் இருப்பதாகவும் கூறினார். அதன்பின் குற்றச்சாட்டுகள் சுற்றூர்களுக்கும் பரவி, 150க்கும் மேற்பட்டோர் சிக்கினர். எல்லைப் போரிலிருந்து தப்பி வந்த அகதிகள், பாதிரியாரின் ஊதியம் பற்றிய ஊர்ச் சண்டை ஆகியன பகையை வளர்த்திருந்தன.

செல்வாக்குள்ள குடும்பங்களும் தப்பவில்லை. சேலம் நகரத்தின் மூத்த பாதிரியார் ஜான் ஹிக்கின்சனின் மகள் ஆன் டாலிவர் மீதும் குற்றம் சுமத்தப்பட்டது. அவருடைய உடன்பிறந்தவரான நத்தானியேல் ஹிக்கின்சன் சென்னையின் முதல் மேயர். அதே 1692இல் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநரானவர்.

ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் மே மாதம் அமைத்த தனி நீதிமன்றத்துக்கு வில்லியம் ஸ்டவுட்டன் தலைமை வகித்தார். ஜூன் 10 முதல் செப்டம்பர் 22 வரை 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். வழக்காட மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி, மேலே கற்கள் அடுக்கி நசுக்கப்பட்டு இறந்தார். சிறையில் குறைந்தது ஐவர் மாண்டனர்.

நடத்தும் முறை

ஆசிரியர் முதலில் பாத்திர அட்டைகளை வழங்குகிறார். நீதிபதி, ஜூரிகள், குற்றம் சாட்டுவோர், சாட்டப்பட்டோர், அண்டை வீட்டார் என வகுப்பு பிரிகிறது. எஞ்சியிருக்கும் விசாரணைக் குறிப்புகள், பிடியாணைகள், முறையீடுகள் ஆகியவற்றிலிருந்து உரையாடல் தொகுக்கப்படுகிறது. குற்றம் நடந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய் என்று கேட்ட நீதிபதி ஜான் ஹாதோர்னின் விசாரணை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. சில வகுப்புகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பாத்திரமும் சேர்க்கப்படுகிறது. இது வரலாற்றுக்குப் பொருந்தாது. சேலத்தில் குற்றம் சாட்டப்பட்டோருக்கு வழக்கறிஞர் இல்லை.

எளிய வடிவமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாணவரின் காதிலும் அவர் சூனியக்காரரா இல்லையா என்று ஆசிரியர் சொல்கிறார்; பின்னர் சூனியக்காரர் இடம்பெறாத பெரிய குழுவை அமைக்கச் சொல்கிறார். மாணவர்கள் ஒருவரையொருவர் விசாரித்து, சந்தேகத்துக்குரியவர்களை விலக்குகிறார்கள். முடிவில், சூனியக்காரர் என்று யாருக்குமே சொல்லப்படவில்லை என்பது தெரியவருகிறது.

சேலம் நகரில் 1992 முதல் நடத்தப்படும் ஒரு நாடகத்தில், முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்பின் வழக்கைப் பார்வையாளர்களே ஜூரிகளாக இருந்து தீர்மானிக்கின்றனர்.

சாட்சியச் சிக்கல்

நடிப்பின் மையம் ஆவி சாட்சியம். குற்றம் சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் வந்து தன்னை வதைத்ததாக ஒருவர் சொன்னால், நீதிமன்றம் அதை ஏற்றது. அந்நேரம் வேறிடத்தில் இருந்தேன் என்ற மறுப்பு இங்கே செல்லாது. ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்ற எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்ற சாமுவேல் வார்ட்வெல் தூக்கிலிடப்பட்டார். உண்மை சொன்னால் சாவு, பொய் சொன்னால் உயிர் என்ற இந்த நிலையை, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மாணவர் தாமே எடைபோட வேண்டியிருக்கிறது. ஜூரிகளாக நடிப்போருக்கு ரெபேக்கா நர்ஸின் வழக்கு உகந்தது. அண்டை அயலார் 39 பேர் அவருக்காகக் கையெழுத்திட்டனர். ஜூரிகள் முதலில் விடுதலை என்றனர். மறுபடி யோசிக்கச் சொன்னதும் தீர்ப்பை மாற்றினர்.

விமர்சனங்களும் வரம்புகளும்

விரல் நீட்டிக் குற்றம் சாட்டும் விளையாட்டு வகுப்பிலுள்ள பழைய பகைக்கு வழிவிடலாம். வலிப்புக் காட்சிகள் கேலிக்கூத்தாகிவிடலாம். ஆகவே அவற்றை நடிக்காமல் வாசிப்பதும், பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதும் உண்டு. டிடூபாவின் பாத்திரத்தில் அடிமைமுறையும் இனமும் கலந்திருப்பதால் தனிக் கவனம் தேவை. இவ்வழக்குகளைப் பற்றிய ஆர்தர் மில்லரின் 1953ஆம் ஆண்டு நாடகத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டால் பிழை நேரும். நாடகத்தில் காதல் உறவு கொண்டவர்களாக வரும் அபிகேலுக்கும் ஜான் ப்ராக்டருக்கும் 1692இல் வயது முறையே 11, ஏறத்தாழ 60.

பின் உரையாடல்

நடிப்புக்குப் பின் பாத்திரத்தைக் களைந்து பேசும் உரையாடல் இன்றியமையாதது. வழக்குகள் எவ்வாறு முடிந்தன என்பது அதில் இடம்பெறும். 1692 அக்டோபரில் இன்க்ரீஸ் மேதர் என்ற பாதிரியார் ஆவி சாட்சியத்தை எதிர்த்து எழுதினார். அம்மாதமே ஃபிப்ஸ் தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். 1693இல் ஆவி சாட்சியத்தை ஒதுக்கிய புதிய நீதிமன்றத்தில் பெரும்பாலோர் விடுதலையாயினர். நீதிபதி சாமுவேல் சூவல் 1697இல் சபைமுன் பொறுப்பேற்று மன்னிப்புக் கோரினார். 1711இல் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. தண்டனை பெற்றும் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சனின் பெயர் மட்டும் பிந்தைய விடுவிப்புப் பட்டியல்களிலும் விடுபட்டிருந்தது. நார்த் ஆண்டோவர் ஊரின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் குடிமையியல் பாடத்தில் அவருடைய வழக்கை ஆராய்ந்து சட்டமன்றத்திடம் முறையிட்டனர்; 2022இல் அவர் குற்றமற்றவர் ஆக்கப்பட்டார்.