சொட்டு மருந்தைச் சந்தேகித்த டாக்டர்

திருவிதாங்கூருக்கு 1813-இல் அம்மை குத்தும் முறை வந்தபோது அரசுக்கு இருந்த பெரிய தலைவலி, சனங்கள் கையை நீட்ட அஞ்சியதுதான். ராணி கௌரி லட்சுமி பாயி அதற்கு ஒரு வழி கண்டார்: அரச குடும்பத்தாரே முதலில் குத்திக்கொண்டார்கள். இன்று திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை போன்ற பேருந்து நிலையங்களில் போலியோ முகாம் நாளில் மேசை போட்டு, குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புகிறார்கள். மக்களை இணங்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றே அரசாங்கங்கள் அன்றும் இன்றும் நினைத்து வந்திருக்கின்றன. இணங்கி வந்த குழந்தைக்குள் மருந்து வேலை செய்ததா என்பது மற்றப் பாதி. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். மலையாளி, பணியாற்றியது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். குழந்தை மருத்துவமும் வைரஸ் இயலும் இரண்டும் கற்றவர். கட்டிலில் கால் சூம்பிக் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பவரும், அந்தப் பிள்ளையின் ரத்தத்தைச் சோதனைக்கூடத்தில் ஆராய்பவரும் ஒரே ஆளாக இருந்தது அன்றைய இந்தியாவில் அபூர்வம். அவர் கண்டுபிடித்ததெல்லாம் அந்த அபூர்வத்தால்தான் என்பது என் கட்சி.

சேபின் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த சொட்டு மருந்தை மூன்று தவணை கொடுத்தால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. வேலூரில் மூன்று தவணையும் ஒழுங்காக வாங்கிய பிள்ளைகள் சிலருக்கும் இளம்பிள்ளை வாதம் வந்தது. தாய் தேதியை மறந்திருப்பாள், நர்ஸ் அட்டையில் தப்பாக எழுதியிருப்பாள் என்று பழியை அங்கே இங்கே போடுவது சுலபம். ஜேக்கப் ஜான் அப்படிச் செய்யவில்லை. மருந்து கொடுக்கும் முன்னும் பின்னும் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து எதிர்ப்புப் பொருளை அளந்தார். போலியோ வைரஸின் மூன்று வகைகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளிடமே பலன் தெரிந்தது. 1976-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், ஐந்து தவணை கொடுத்தால் நிலைமை எப்படி மேம்படுகிறது என்பதை எழுதினார். நாட்டின் தடுப்பூசித் திட்டமோ பிறகும் மூன்று தவணையைத்தான் அடிப்படைக் கணக்காக வைத்துக்கொண்டது.

ஜேக்கப் ஜானின் கணக்குக்கு வந்த முதல் மறுப்பு, ஐஸ் பெட்டியில் குறை இருந்திருக்கும் என்பது. வெயிலில் கெட்டுப்போகும் மருந்து என்பதால் இது நியாயமான சந்தேகமே. ஆனால் குளிர் கெடாமல் வைத்திருந்து கொடுத்த மருந்துக்கும் பலன் அதே அளவுக்குத்தான் இருந்தது. வெப்பநாட்டுக் குழந்தையின் குடலில் மற்ற வைரஸ்கள் முன்னமே குடியேறியிருக்கும். மருந்திலுள்ள உயிர் வைரஸ் அங்கே வேரூன்றச் சிரமப்படும். இது ஒரு காரணம், முழுக் காரணம் அல்ல. 2006-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு வேலூர்க் கணக்கை விடவும் மோசமான நிலையைக் காட்டியது: முதல் வகை போலியோவுக்கு எதிராக உத்தரப் பிரதேசத்தில் ஒரு தவணையின் பலன் வெறும் 9 சதவீதம், பீகார் நீங்கலாக மற்ற மாநிலங்களில் 21.

அப்படியானால் இந்தியா அதே சொட்டு மருந்தால்தானே போலியோவை ஒழித்தது, டாக்டர் பயந்தது வீண்தானே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்து ஹவுராவில் இயற்கை வைரஸால் கண்ட நோய்தான் கடைசி. 2014 மார்ச் 27-இல் சான்றிதழும் வந்துவிட்டது. ஆனால் ஒழித்தது மூன்று தவணைக் கணக்கு அல்ல. 1995 முதல் ஆண்டுதோறும் முகாம்கள் நடந்தன. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஒரே குழந்தை பத்துக்கும் மேற்பட்ட தவணை வாங்கியது சாதாரணம். 2010-இல் இரண்டு வகை வைரஸுக்கான சொட்டு மருந்து வந்த பிறகே முடிவு நெருங்கியது. ஆக, வெற்றியே அவர் பக்கத்துச் சாட்சி. ஒரே நாளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் மருந்து கொடுக்கும் முறையையும் அவர் வேலூர் நகரில் செய்து பார்த்து 1983-இலேயே எழுதியிருக்கிறார். கியூபாவும் பிரேசிலும் அதற்கு முன்பே செய்தவை. ஆனாலும் நம் ஊரில் அதன் பலனை அளந்து காட்டியது பெரிய காரியம்.

அவர் நெடுங்காலம் வாதாடியது ஊசி மருந்துக்காக. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். மிக அபூர்வமாக அதுவே ஒரு குழந்தையை முடமாக்கிவிடும்; ஊசியில் அந்த ஆபத்து இல்லை. ஊசிக்கு விலை அதிகம், பயிற்சி பெற்ற கை வேண்டும், குடலில் அது தரும் காப்பு குறைவு என்ற எதிர்வாதங்கள் உண்மையானவையே. ஆனால் ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கு ஊசி போட்டால் குடல் காப்பு கூடுகிறது என்று 2014-இல் வேலூர் ஆய்வு ஒன்றே காட்டியது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க இந்தியா 2015 நவம்பர் வரை காத்திருந்தது. செலவைக் காரணம் சொன்னார்கள். மருந்தாலேயே முடமான குழந்தைகளை அந்தச் செலவுக் கணக்கில் சேர்த்தார்களா என்பதே என் சந்தேகம்.

தொற்றுநோய் மருத்துவர் எதையும் தொற்று என்றே சொல்லுவார் என்பார்கள். இவர் அப்படியல்ல. பீகாரின் முசாபர்பூரில் பிள்ளைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தபோது வைரஸைத் தேடியவர்கள் பலர். ஜேக்கப் ஜானும் உடன் ஆய்ந்தவரும் வேறு சொன்னார்கள்: ஊட்டம் குறைந்த பிள்ளை லிச்சிப் பழம் தின்றுவிட்டு இரவில் சாப்பிடாமல் படுத்தால், பழத்திலுள்ள நச்சால் ரத்தச் சர்க்கரை சரிகிறது. 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு இதை ஆதரித்தது.

போலியோவுக்கே திரும்புவோம். உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், ஒன்பதாம் மாதம் என மூன்று முறை கையில் போட வேண்டிய போலியோ ஊசி அதில் பதிவாகியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் அடுத்த தடுப்பூசி நாளிலேயே கேட்டுப் போட்டுவிடுங்கள்.