சுசீந்திரத்துக் கைமுக்கும் தாத்ரியின் வாக்குமூலமும்

நதானியேல் ஹாதார்ன் 1850இல் வெளியிட்ட 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலில், பாஸ்டன் நகர மக்கள் முன் கைக்குழந்தையுடன் மேடையில் நிறுத்தப்படுகிறாள் ஹெஸ்டர் பிரின். குழந்தையின் தகப்பன் யார் என்று கேட்கிறார்கள். அவள் வாய் திறக்கவில்லை. இதே கேள்வியைத் திருவிதாங்கூரும் கொச்சியும் நம்பூதிரிப் பிராமணப் பெண்களிடம் நெடுங்காலம் கேட்டுவந்தன. அந்த விசாரணைக்கு ஸ்மார்த்தவிசாரம் என்று பெயர்.

ஒரு பெண்ணின் ஒழுக்கத்தில் சந்தேகம் எழுந்ததும் முதலில் வேலைக்காரியை விசாரிப்பார்கள். அடுத்து, குற்றம் சாட்டப்பட்ட அந்தர்ஜனத்தை (நம்பூதிரிப் பெண்ணை) அஞ்சாம்புரை என்ற தனி இடத்தில் அடைப்பார்கள். அதன்பின் அவளுக்குப் பெயர் கிடையாது. 'சாதனம்' என்றே குறிப்பிடுவார்கள். அரசரின் அனுமதியோடு வரும் ஸ்மார்த்தன் என்ற விசாரணைத் தலைவர், அவள் ஒப்புக்கொள்ளும்வரை கேள்விமேல் கேள்வி கேட்பார். ஒப்புக்கொண்டால் சாதியிலிருந்து நீக்கம். உயிரோடு இருப்பவளுக்குக் குடும்பத்தார் ஈமக்கடன் செய்துவிடுவார்கள்.

ஆணுக்கோ ஒரு வாசல் திறந்திருந்தது. அகலிகையால் வந்த சாபம் நீங்கி இந்திரன் தூய்மை பெற்ற தலம் சுசீந்திரம் என்பது ஐதிகம். குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி அங்கே சென்று கொதிக்கும் நெய்யில் கைவிட்டு, உள்ளே கிடக்கும் பொருளை எடுக்க வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டிவைத்து, குறித்த நாளில் அவிழ்த்துப் பார்ப்பார்கள். வேகாத கை குற்றமற்ற கை. இதுவே கைமுக்கு. சுசீந்திரம் கோயிலை ஆராய்ந்து 1953இல் நூல் எழுதிய கே. கே. பிள்ளையும் இவ்வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். கொடிய சோதனைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது மறுத்துப் பேச ஒரு வழி. பெண்ணுக்கு அதுவும் இல்லை.

திருவனந்தபுரத்திலிருந்து திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் (1829–1846) கைமுக்கை நிறுத்தினார். வரலாற்று நூல்கள் இதை மனிதநேயச் சீர்திருத்தம் என்று பாராட்டுவது நியாயமே. ஆயினும் சீர்திருத்தம் பாதியில் நின்றது. நெய்க்கொப்பரை போனது, அஞ்சாம்புரை இருந்தது.

அந்தப் பாதிச் சீர்திருத்தத்தின் முழுப் பொருளும் 1905இல் கொச்சியில் வெளிப்பட்டது. குறியேடத்து இல்லத்துத் தாத்ரி, தன்னோடு உறவு கொண்டவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினாள். வழக்கத்துக்கு மாறாக, ஆண்கள் அவளைக் குறுக்கு விசாரணை செய்ய ராஜா இராமவர்மா அனுமதித்தார். அவளுடைய சாட்சியத்தை அவர்களால் உடைக்க முடியவில்லை. நம்பூதிரிகள், ஐயர்கள், கோயில் பணிச் சாதியினரான அம்பலவாசிகள், நாயர்கள் என 64 பேர் விலக்கப்பட்டனர். கதகளிக் கலைஞர் காவுங்கல் சங்கரப் பணிக்கரும் அவர்களில் ஒருவர். ஒருத்தியை ஒதுக்குவதற்கென்று அமைந்த விசாரணை, இல்லங்களின் உள்வாழ்க்கையையே சந்திக்கு இழுத்தது. ஹெஸ்டர் மௌனத்தால் காத்ததைத் தாத்ரி பேச்சால் தகர்த்தாள். இருவரில் தாத்ரியின் துணிவே பெரிது என்பேன்; ஹெஸ்டரின் மௌனம் ஒருவனைக் காப்பாற்றியது, தாத்ரியின் பேச்சு ஒரு முறைமையையே கேள்விக்குள்ளாக்கியது.

1908இல் நம்பூதிரி யோகக்ஷேம சபை தோன்றியது, 1929இல் வி. டி. பட்டதிரிப்பாட்டின் 'அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு' நாடகம் மேடையேறியது. இவற்றுக்குத் தாத்ரி ஒருத்தியே காரணம் என்பது மிகை. ஆனால் அவளுக்குப் பிறகு அந்தச் சமூகம் தன்னைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. லலிதாம்பிகா அந்தர்ஜனம் அவளை 'பிரதிகாரதேவதை' என்ற சிறுகதையின் நாயகியாக்கினார்.

அன்று திருவிதாங்கூரில் இருந்த சுசீந்திரம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் கைமுக்கை ஒரு விநோத வழக்கமாகச் சொல்லிக் கடந்துவிடக் கூடாது. அந்தக் கொப்பரைவரை வரவும் உரிமையில்லாமல் அஞ்சாம்புரையில் கிடந்த பெண்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.