பன்னிரண்டு வயதும் ஓர் அட்டையும்



ஆறாம் ஆண்டு வகுப்பை நடத்துவோருக்கு இக்காட்சி பழக்கமானது. பன்னிரண்டு வயது நிறைந்த மாணவன் புதிதாகப் பெற்ற மைகார்டை எடுத்துக் காட்டுவான். அது கைமாறிக் கைமாறி வகுப்பையே சுற்றிவரும். அவ்வாறு சுற்றிய ஒரு நாளில், "ஏன் ஐயா பன்னிரண்டு வயது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவ்வினாவுக்கு விடை தேடியபோது எழுந்ததே இக்கட்டுரை.

1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களையும் ஊரில் வாழும் மக்களையும் பிரித்தறிய பிரிட்டிஷ் அரசு ஒரு வழி கண்டது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் பதிந்துகொண்டு, நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டையைப் பெறவேண்டும் என்பதே அது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில்தான் பதிவு தொடங்கியது. அட்டையின் ஆற்றலைக் கொரில்லாக்கள் உடனே உணர்ந்தனர். தோட்டத் தொழிலாளர்களிடமிருந்தும் பேருந்துப் பயணிகளிடமிருந்தும் அட்டைகளைப் பறித்து அழித்தனர். அட்டையை வைத்திருந்தால் காட்டிலிருந்து வருபவனுக்கு அச்சம். இல்லையென்றால் காவல் துறைக்கு அச்சம். பால்மரம் வெட்டப் போன நம் முன்னோர் இவ்விரு அச்சங்களுக்கும் நடுவே வாழ்ந்தனர். என் பாட்டி தம் அட்டையை எண்ணெய்த் துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைத்திருந்தார். நகையைக்கூட அவர் அத்துணைப் பத்திரமாக வைத்ததில்லை.

போர்க்கால ஏற்பாடாக வந்த அட்டை, விடுதலைக்குப் பின்னரும் நிலைத்தது. 1990இல் இன்றைய பன்னிரண்டு இலக்க எண் அறிமுகமானது. 2001இல் சில்லு பொருத்திய மைகார்டு வந்தது. 2003இல் சிறுவர்களுக்கு மைகிட் வந்தது.

இங்கே நாம் சற்று நின்று அந்த எண்ணை உற்று நோக்க வேண்டும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜொகூருக்கு 01, பேராவுக்கு 08, சிலாங்கூருக்கு 10. கடைசி இலக்கம் ஒற்றை எண்ணாயின் ஆண், இரட்டை எண்ணாயின் பெண். ஆகவே ஒருவருடைய பிறந்தநாளும் பிறந்த மாநிலமும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிட்டால், எட்டு இலக்கங்கள் நம் கையில். எஞ்சிய நான்கிற்கு 5,000 வாய்ப்புகளே உண்டு. இந்த எண் 'இவர் இன்னார்' என்று சுட்டுவதற்காக அமைந்ததே தவிர, 'நான்தான் அவர்' என்று மெய்ப்பிப்பதற்காக அமைந்ததன்று. பெயரைப் போன்ற ஒன்றைப் பூட்டின் சாவியாக நாம் பயன்படுத்தத் தொடங்கினோம். தவறு அங்கேதான் நேர்ந்தது என்பது என் கருத்து. மறைச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை யார் மாற்றுவது?

1948இன் கொரில்லா, அட்டையைக் கையால் பறிக்க வேண்டியிருந்தது. இன்றைய திருடன் அதைத் தொடுவதே இல்லை. 2017 அக்டோபரில் வெளிவந்த செய்தி நினைவிருக்கும். நம் நாட்டுக் கைபேசிச் சந்தாதாரர்களின் 4 கோடியே 62 இலட்சம் பதிவுகள் கசிந்திருந்தன. பெயர், முகவரி, அடையாள எண் எல்லாம் அவற்றில் அடக்கம். அன்றைய மக்கள்தொகையோ ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம்தான்! 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்போதே நடப்பில் இருந்தது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்தால் நிறுவனங்கள் அதனை அறிவித்தாக வேண்டும் என்பதும் சட்டமாயிற்று. எனினும் மத்திய, மாநில அரசுகள் இச்சட்டத்திற்கு உட்பட்டவை அல்ல. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டத் தேவையோ உறுதியான காரணமோ இன்றி நிறுவனங்கள் அடையாள எண்ணைக் கேட்டு வாங்குவது தடுக்கப்பட்டது.

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் மாணவர் பெயர்ப்பட்டியலை அடையாள எண்ணுடனேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவந்தேன். பின்னர் புலனக் குழுவிலும் பகிர்ந்தேன். என் மாணவர் ஒருவரின் தாயார் தாம் வாங்காத கைபேசி இணைப்புக்குக் கட்டணம் கேட்டு வந்த கடிதத்தோடு என்னிடம் வந்தபோதுதான் உறைத்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் அவர் அட்டையின் நகலை முன்பு கொடுத்திருந்தார். காவல் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலுடன் அந்நிறுவனத்திற்குப் பலமுறை நடந்த பிறகே அக்கணக்கு நீங்கியது.

அன்றுமுதல் நகல் தருமுன் அதன் குறுக்கே இரு கோடுகள் இழுத்து, இன்ன நோக்கத்திற்கு மட்டும் என்று தேதியுடன் எழுதித் தருகிறேன். கோடு முகத்தையும் எண்ணையும் மறைத்துவிடக் கூடாது, மறைத்தால் திருப்பிவிடுவார்கள். வாயிற்காவலர் அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ள முனைந்தால், பார்த்துவிட்டுத் தரும்படி பணிவாகச் சொல்கிறேன்.

இவ்வாண்டுப் பட்டியலில் அடையாள எண் கட்டத்தை நீக்கிவிட்டேன். மறுநாளே ஒரு தந்தை, தம் மகளின் பிறந்தநாள் வாழ்த்துப் படத்தைக் குழுவில் பதிவிட்டார். பெயர், பிறந்த தேதி, ஆண்டு, பிறந்த மருத்துவமனை என எல்லாம் அழகிய எழுத்தில் இருந்தன. வாழ்த்துத் தெரிவித்துவிட்டு, மாலையில் அவரைத் தனியே அழைத்துப் பேசினேன்.